அமலிக்கு அடித்த ஹார்ன்

இயேசு மரி சூசை

மந்தைவெளி,
சென்னை - 28.
அக்டோபர் 14.

அன்புள்ள ஃபிரெட்ரிக் அப்பாவுக்கு,

உங்கள் வெரோனிகா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும், கோட்டூர்புரத்தில் லிசாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் மகனும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டுமென்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தேன்.

தினமும் வாட்ஸாப்பில் முகம் பார்க்கிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் சாப்பிட்டாயா, மழையா என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு ஃபிரெட்ரிக்கிடம் கொடுத்துவிடுகிறீர்கள். நீங்கள் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதா, அங்கேயே தங்கிவிடுவதா என்கிற பேச்சை மகனை நடுவில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? கீழ்வீட்டு மஹ்விஷ் அவள் அக்காவைப் பார்க்க உங்கள் பக்கம் மான்செஸ்டருக்குப் புறப்படுகிறாள். அவள் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. மெட்ரோக்காரர்கள் தோண்டிப்போட்ட இடமெல்லாம் தண்ணீர் நிற்கிறது. மார்க்கெட்டுக்குப் போய் வருவதற்குள் புடவையெல்லாம் சகதி. நம் காலுக்குக் கீழேயே சுரங்கம் குடைகிறார்களாம். நீங்கள் இருந்திருந்தால் தகரத் தடுப்பின் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள், கையிலிருக்கும் பால் பாக்கெட் திரிந்து போயிருக்கும். மீன் கொண்டுவரும் தங்கபுஷ்பம் கூடையை இறக்கும்போதெல்லாம் உங்களைத்தான் கேட்கிறாள். இன்னா மிஸ், சாரு அங்கியே செட்டில் ஆயிட்டாரா, மீன் துன்ன ஆள் இல்லாம என் வியாபாரமே படுத்துக்கினு கீது என்றாள் நேற்று. சிரித்து மழுப்பினேன். வஞ்சிரம் நன்றாகத்தான் இருந்தது. ஒருத்திக்கு எதற்கு என்று வாங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஃபிரெட்ரிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அப்பா தினமும் மலைமேல் அந்தப் பழைய ரயில் பாதையில் நடக்கப் போகிறார், அது பரவாயில்லை, தண்டவாளமெல்லாம் எடுத்து நல்ல நடைபாதையாகத்தான் போட்டிருக்கிறார்கள் என்றான். ஞாயிற்றுக்கிழமை துணைக்கு அவனும் வந்தானாமே. ஓரிடத்தில் நீங்கள் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, பாம்ம்ம் என்று ரயில் மாதிரி சத்தம் போட்டீர்களாம். சைக்கிளில் வந்த இரண்டு பேர் இறங்கி, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்களாம். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் அதே சத்தமாம். அம்மா, அப்பாவுக்கு மறதி வியாதி ஆரம்பித்துவிட்டதோ, டாக்டரிடம் காட்டட்டுமா என்று கேட்டான். குரலே உடைந்துவிட்டது பாவம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு அடக்க முடியாமல் அழுதேன்.

அவனைக் கோபிக்காதீர்கள். அவனுக்கு என்ன தெரியும்? அவனுக்கும் லிசாவுக்கும் முன்னால் ஒரு அக்கா பிறந்தாள், பெயர் அமலி, அந்த ஊரிலேயே இறந்து அடக்கமானாள். இவ்வளவுதான் பிள்ளைகளிடம் சொன்னோம். குடும்ப ஜெபத்தில் அவள் பெயர் வரும், ஆமென் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ஹார்ன் கதையை நாம் சொல்லவே இல்லை. சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவீர்கள், நானும் விட்டுவிட்டேன். இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். வாய் வராவிட்டால் இந்தத் தாள்களை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கடைசித் தாளை மட்டும் எடுத்து உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரெட்ரிக், இனி உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எழுபத்தேழில் நான் கல்யாணம் முடிந்து மான்செஸ்டர் பக்கத்து அந்த மலை ஊருக்குப் போனேன். மாப்பிள்ளை எலெக்ட்ரிக் ரயிலில் கார்டு என்று எங்கள் வீட்டார் சாந்தோம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் நம் தாம்பரம் எலெக்ட்ரிக் ரயில் மாதிரி நினைத்துக்கொண்டேன். காய்கறிக் கூடையும் காலேஜ் பெண்களுமாக ஏறி இறங்குவார்கள், இவர் பச்சைக் கொடி காட்டுவார் என்று. போய்ப் பார்த்தால் அந்த மலைப் பாதையில் பயணிகள் ரயிலை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து இந்தப் பக்கத்து கரண்ட் உற்பத்தி நிலையங்களுக்கு நிலக்கரிதான் போகும், காலி வண்டிகள் திரும்பி வரும். உன் அப்பா கொடி காட்ட ஓர் ஆள் கிடையாது. மலைமேல் ஆடுகள்தான். என் அப்பாவுக்கு இதை எழுதவே இல்லை, மனிதர் பெருமையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று.

ஆனால் அந்த ரயில் அழகு. கரியைச் சுமந்துகொண்டு போகும், தன்மேல் ஒரு பொட்டுப் புகை இருக்காது. மூன்று மைல் நீளச் சுரங்கத்துக்குள் நுழைந்து அடுத்த பக்கம் வெளியே வரும். மலையில் இறங்குகிற வண்டி பிரேக் பிடித்தால் அதிலிருந்து கரண்ட் உண்டாகி மேலே கம்பிக்குப் போகும், அந்தக் கரண்டில் எதிரே ஒரு வண்டி மலை ஏறும். இதை உன் அப்பா ஊரில் ஒரு கல்யாணம் விடாமல் மேடையேறி மணமக்களுக்குச் சொல்வார், உனக்கும் சொன்னாரே. சாப்பாடு ஆறுகிறது, இறங்குங்கள் என்று நான் ஜாடை காட்டுவேன். உண்மையில் எனக்கும் அந்தக் கதை பிடிக்கும்.

எழுபத்தொன்பது ஜனவரியில் அமலி பிறந்தாள். குறைமாதம். இதயம் பலவீனம் என்றார்கள். யார்மேலும் குறையில்லை, அந்த ஆஸ்பத்திரி நர்ஸுகள் அவளை ராணி மாதிரி வைத்திருந்தார்கள். இரண்டு வாரம்கூட முழுசாக இருக்கவில்லை. அந்த வருஷம் மோசமான பனி. மண் கல்லாக இறுகிவிட்டது, குழி வெட்டுகிறவர் ஒருத்தரால் முடியவில்லை. யார் சொன்னார்களோ, தண்டவாள வேலை செய்கிற ஆட்கள் நாலைந்து பேர் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. வேலை முடிந்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அவர்களை நினைக்காமல் இன்றுவரை நான் ஒரு பூசை கண்டதில்லை.

கல்லறை ரயில் பாதைக்குக் கீழே சரிவில் இருந்தது. அப்பா கூட வேலை பார்த்த டிரைவர் ஆர்தர், பவுல்சாமி என்ற பெயர் வாயில் நுழையாமல் இவரைப் பால் என்று கூப்பிடுவார். அவர் மனைவி டோரீன்தான் என்னைக் கைப்பிடித்து அங்கே கூட்டிப்போவாள். முதல் தடவை நான் குனிந்து பூ வைக்கும்போது மேலே ஒரு எஞ்சின் பாம் என்று ஹார்ன் அடித்தது. தூக்கிவாரிப் போட்டது. சாயங்காலம் இவர் வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். பிள்ளை தூங்குகிற இடத்தில் யாராவது ஹார்ன் அடிப்பார்களா, உங்கள் ஆட்களுக்கு மனசாட்சி இல்லையா, நம் ஊரில் தூளி கட்டிய வீட்டு வாசலில் ரிக்‌ஷாக்காரன்கூட மணி அடிக்காமல் போவானே என்று கத்தினேன். பிறகுதான் இவர் சொன்னார். முதன்முதலில் ஆர்தர்தான் அடித்தாராம். பாலின் மகள் இங்கே இருக்கிறாள், சும்மா தாண்டிப் போவது மரியாதையில்லை, ஒரு வார்த்தை கூப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றாராம். கேள்விப்பட்டு மற்ற டிரைவர்களும் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இவர் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. யாரும் உத்தரவு போடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஹார்னுக்கும் நான் ஜன்னலுக்கு ஓடினேன். அரிசி களையும்போது ஒன்று கேட்கும், துணி உலர்த்தும்போது ஒன்று. என் பிள்ளையை ஊரே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று இருக்கும். அந்த ஹார்ன்தான் எனக்குப் புத்தி பேதலிக்காமல் பார்த்துக்கொண்டது.

எண்பத்தொன்று ஜூலையில் பாதையை மூடினார்கள். கடைசி வண்டி போனபோது ஹார்ன் நீளமாகக் கேட்டது, மலை முழுக்க. அப்புறம் ஒன்றுமில்லை. அப்பாவுக்கு வேறு யார்டில் வேலை தரத்தான் செய்தார்கள். இவருக்கு அந்த அமைதி தாங்கவில்லை. இனிமே அவளை யாரு கூப்பிடுவா வெரோனிகா என்று ஒருநாள் கேட்டார், அவ்வளவுதான். வருஷம் முடிவதற்குள் மெட்ராஸ் வந்துவிட்டோம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொந்தக்காரர்களிடம் சொன்னோம். ஃபிரெட்ரிக், உன் அப்பாவுக்கு எந்த மறதியும் இல்லை. மறக்க முடியாத வியாதிதான், அதற்கு உங்கள் டாக்டரிடம் மருந்து கிடையாது. அடுத்த முறை அவர் ஹார்ன் அடித்தால் நீயும் பக்கத்தில் நின்று ஒன்று அடி. உன் அக்காதான்.

ஒன்று சொன்னாயே, அந்தச் சுரங்கத்துக்குள் இப்போது பெரிய கரண்ட் கேபிள் போகிறது என்று. கேட்டதிலிருந்து எனக்கு ஒரு சந்தோஷம். ரயில் போனாலும் கரண்ட் இன்னும் அந்த மலையைத் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் வீட்டு விளக்கும் அதில்தான் எரிகிறதோ என்னவோ.

நீ இத்தோடு நிறுத்திக்கொள் மகனே. மிச்சம் அப்பாவுக்கு.

ஏங்க, இந்தத் தாள் உங்களுக்கு மட்டும்.

திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னீர்களாம். கடைசிவரை இங்கேயே இருந்துவிடுகிறேன், அமலி பக்கத்தில் இடம் இருக்கிறது, விசாரித்துவிட்டேன், அம்மாவையும் வரச் சொல் என்று மகனிடம் சொன்னீர்களாம். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியவளிடம் இதை நேரே சொல்ல வாய் வரவில்லையா? முதலில் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டு நாள் நீங்கள் கூப்பிட்டபோது சமையலில் இருக்கிறேன் என்றது அதனால்தான்.

பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று உங்களுக்கு உறுத்தல். அவள் தனியாக இல்லை. டோரீன் கண்மூடும்வரை கிறிஸ்மஸ் கார்டில் ஒரு வரி எழுதாமல் இருந்ததில்லை, புல் வெட்டிவிட்டேன், கல்லைக் கழுவினேன், உன் மகள் நன்றாக இருக்கிறாள் என்று. நன்றாக இருக்கிறாள் என்றுதான் எழுதுவாள், பாருங்கள். இப்போது அவளும் ஆர்தரும் இரண்டு வரிசை தள்ளி அங்கேயே இருக்கிறார்கள். டோரீனின் மகள் பூ வைக்கிறாள் என்று நீங்களே சொன்னீர்கள். நமக்கு எந்த உறவும் இல்லாத ஜனங்கள், நாம் செய்ய முடியாததை நாற்பது வருஷத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அவர்களை நம்புங்கள். அவர்களுக்கு நாம் செய்கிற நன்றி அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

என்னை வரச் சொல்கிறீர்கள். முட்டி வலி, விமானத்தில் உட்கார முடியாது என்று உங்களை மட்டும் அனுப்பினேனே, அது பொய். எனக்குப் பயம். அந்தக் கல்லுக்கு முன்னால் ஒருமுறை நின்றுவிட்டால் நானும் எழுந்து வரமாட்டேன். இங்கே லிசா இருக்கிறாள். பேத்திக்கு நான் தலை பின்னினால்தான் பள்ளிக்கூடம். உயிரோடு இருக்கிறவர்களும் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள் வருகிறது. வழக்கம்போல க்விபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் மாமா, அத்தை கல்லறையைக் கழுவிப் பூப்போட லிசாவோடு போகிறேன். வேறு ஊரில் அடக்கமானவர்களுக்கென்று நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களே, அங்கேதான் இத்தனை வருஷமும் அமலிக்கு ஏற்றினோம். கூட்டத்தில் யார் இடித்தாலும் அசையாமல், நம் மெழுகுவர்த்தி உருகி முடியும்வரை நீங்கள் கையால் காற்றை மறைத்துக்கொண்டு நிற்பீர்கள். இந்த வருஷம் நான் அங்கே ஏற்றப் போவதில்லை. அவளுக்கு அவள் இடத்திலேயே நீங்கள் ஏற்றுங்கள். சாந்தோம் கடையில் வாங்கிய இரண்டு மெழுகுவர்த்தியும் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலும் மஹ்விஷிடம் கொடுத்திருக்கிறேன். அங்கே மெழுகுவர்த்தி கிடைக்காதா என்று சிரிக்காதீர்கள். மலைக்காற்று அணைத்துவிடும், பாட்டிலுக்குள் வைத்து ஏற்றுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. அம்மா வரவில்லை, ஆனால் ஒரு நாளும் மறந்ததில்லை என்று சொல்லுங்கள்.

அது முடிந்ததும் டிக்கெட்டைப் போட்டு வந்துவிடுங்கள். அந்த மலைக்கு நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் என் பிள்ளையை அதனிடம் கொடுத்துவிட்டு வந்தவள் நான். இன்னொருவரையும் கொடுக்க என் உடம்பில் தெம்பில்லை. அமலி அவர்களோடு இருக்கட்டும். நீங்கள் என்னோடு இருங்கள்.

சாந்தோம் மாதா உங்களைக் கைப்பிடித்து வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்
உங்கள் வெரோனிகா