சட்டியிலை மிஞ்சின கஞ்சி

வைகாசி, செவ்வாய்க்கிழமை

இவருக்கு அம்மாள் வருத்தம், கொப்புளிப்பான் வந்ததிலையிருந்து வீட்டிலை மச்சம் சமைக்கிறேல்லை. அம்மாள் கோவிப்பா எண்டு மாமி மீனையும் முட்டையையும் விலக்கிப்போட்டா. கடலுக்குப் போற மனுசன் வெறுங்கஞ்சி குடிச்சுத் துரும்பாய்ப் போனார். உடம்பிலை பெலன் இருந்தால்தான் வைரசை எதிர்க்கும், முட்டை குடுங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். மாமியிட்டைச் சொன்னன்.

"டொக்டருக்கு அம்மாளைத் தெரியுமே?"

எனக்கு அலுத்துப் போச்சு. இண்டைக்கு மத்தியானம் பாற்கஞ்சியிலை முட்டையை அடிச்சுக் கலந்தன். முட்டைக் கோதை மாமி காணாமல் வேப்பமரத்தடியிலை கிண்டித் தாட்டன். இவர் ஒரு கோப்பை குடிச்சிட்டுப் படுத்திட்டார்.

உடுப்புத் தோய்ச்சிட்டு வந்து பாத்தால், சட்டியிலை மிஞ்சினதை மாமி வழிச்சுக் குடிச்சுக்கொண்டிருக்கிறா. மகனுக்கு வருத்தம் மாறவேணும் எண்டு ஒருநேரச் சாப்பாட்டோடை விரதம் இருக்கிற மனுசி. கண் ரெண்டும் குழிவிழுந்து போய்க் கிடக்கு. நான் குசினி வாசலிலை அப்பிடியே நிண்டிட்டன்.

"இண்டைக்குத்தான் பிள்ளை கஞ்சி வாய்க்குப் பிடிச்சிருக்கு. நாளைக்கு எனக்கும் சேர்த்துக் காய்ச்சு" எண்டா.

ஓம் மாமி எண்டன்.

நித்திரை வருகுதில்லை. நாளைக்கு ரெண்டு முட்டை வேணும்.