ஒன்பது மணிச் சீட்டு

அன்பு மகள் உர்சினாவுக்கு அப்பா எழுதுவது. நியூசிலாந்தில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே மாடுகளெல்லாம் நலம், நானும் இருக்கிறேன். நெற்றியில் வெள்ளை விழுந்த பசு ஞாயிற்றுக்கிழமை கிடாரிக் கன்று போட்டது, பக்கத்துப் பண்ணைத் தியோடர்தான் கூட நின்று இழுத்தான், பேரு வையிய்யா என்றான், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இத்தனை வருஷமும் உன் அம்மா அல்லவா வைப்பாள். அம்மாவின் அடக்கத்துக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆள் வந்திருந்தார்கள். நீ கேட்ட அவளுடைய நீலக் கம்பளிச் சட்டையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், துவைக்கவில்லை.

போனில் நீ ஒன்று கேட்டாய், அம்மா போகும்போது பக்கத்தில் இருந்தீங்களாப்பா என்று. ஆமாம், கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அது பொய் உர்சினா. வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவைச் சேர்த்திருந்த சூரிச்தான் உனக்குத் தெரியுமே, டிராமில் காலை வைத்தாலே காசு, வேடிக்கை பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர்களே சீட்டு விலையைப் பார்த்துவிட்டு நடக்கிறார்கள். நான் தங்கியிருந்த கிளாரா சித்தி வீடு ஊருக்கு வெளியே, ஆஸ்பத்திரிக்கு ரயிலும் வேண்டும் டிராமும் வேண்டும். முதல் நாள் ஏழு மணிக்கே ஏறிப் போய் நின்றேன். அம்மா சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, வந்துட்டாருய்யா ஜமீன்தாரு, காசு கொட்டியா கெடக்கு, ஒன்பது மணிக்கு மேல ஏறுனா நாள் பூராவுக்கும் மலிவுச் சீட்டு குடுக்கிறானாம், நாளையிலேர்ந்து அதுல வாங்க என்றாள். பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். மூக்கில் குழாயோடு என்னை ஏசினாள், எனக்கு அதுவே தெம்பாக இருந்தது, ஏசுகிறவள் பிழைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமையும் பால் கறக்கிற நேரத்துக்கே விழிப்பு வந்துவிட்டது. கிளாராவைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஏழு மணிக்கே கிளம்பி ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ரயிலாக வந்து போயிற்று. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன். ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்சாதி சீட்டு இயந்திரத்தின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றார்கள், ஓடிப்போய்த் தடுத்து, கடிகாரத்தைக் காட்டி, ஒன்பதாகட்டும் என்று கையாலேயே புரியவைத்தேன். அந்தப் பெண் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இதை அம்மாவிடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். அவள் போய் அரை மணி ஆகியிருந்தது. எட்டு மணிக்கே மூச்சு முட்ட ஆரம்பித்து, நர்ஸ் கிளாரா வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறாள், அவர் அப்பவே கிளம்பிட்டாரே என்று கிளாரா சொல்லியிருக்கிறாள். வந்துக்கிட்டே இருக்காரும்மா, இப்ப வந்துடுவாரு என்று நர்ஸ் சமாதானம் சொல்ல, அம்மா இல்லையென்று தலையை ஆட்டினாளாம். அவரு ஒன்பது ஆகாம ரயிலேற மாட்டாரும்மா, நாந்தான் சொல்லி வெச்சிருக்கேன் என்றாளாம். அப்புறம் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தாளாம். நீ கேட்டாயே கடைசியாக என்ன சொன்னாள் என்று, அதுதான், அதற்குப் பிறகு பேசவில்லை. எட்டேகால் ரயிலில் ஏறியிருந்தால் என் முகத்தையாவது பார்த்திருப்பாள்.

கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். அங்கே இப்போது குளிர் தொடங்கியிருக்கும், சின்னவனுக்குக் காதை மூடி அனுப்பு. உனக்குக் கோபம் வரும், வந்தால் திட்டியே எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அப்பா,
பால்ட்சர்