ரப்பர் செடியும் அக்காவின் கண்ணாடியும்

மார்ச் 4
அக்காவைக் கண் ஆபரேஷனுக்குச் சேர்த்தாயிற்று. முடிந்ததும் சித்தி வீட்டில் தங்கிவிட்டு வருவாள். அவளுக்குக் கண்ணைப் பற்றிக் கவலையே இல்லை. ஹாலில் இருக்கும் ரப்பர் செடியைப் பற்றித்தான். "இலையில தூசி படியும், தொடச்சு விடுடா. அது உன்னை மாதிரி இல்ல, சொன்ன பேச்சு கேக்கும்." கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் துடைக்கிறவனுக்குச் சொல்லவா வேண்டும்? கடைத் திரவத்தையே கொண்டுவந்து முகம் தெரியும்படி துடைத்தேன்.

மார்ச் 9
இலை ஓரமெல்லாம் கருகுகிறது. தண்ணீர் போதவில்லையோ?

மார்ச் 13
தண்ணீர் இல்லை. அந்தத் திரவம்தான் — ஸ்பிரிட் கலந்தது. வாடை எந்நேரமும் என் விரலிலேயே இருக்கிறது, உறைக்கவில்லையே. சின்னக் குச்சியிலிருந்து அவள் வளர்த்தது. போனில் கேட்டாள். "ஜம்முனு இருக்குக்கா" என்றேன்.

மார்ச் 25
நாளை வருகிறாள். ஓர் இலை மிச்சமில்லை. வெறும் தண்டைப் பால்கனியில் துணிக்கொடிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, ஹாலில் பிளாஸ்டிக் செடி ஒன்றை வைத்திருக்கிறேன். பழைய கண்ணாடி இனிச் சேராது, புதியது வரும்வரை எல்லாம் அவளுக்கு மங்கல்தான். எழுதவே கூசுகிறது.

மார்ச் 26
வந்ததும் இலையைத் தடவினாள். "நல்லாத்தான் தொடச்சிருக்கே."

ஏப்ரல் 3
காலையில் தண்ணீர்ச் சொம்போடு சுவரைத் தடவிக்கொண்டு வருகிறாள். பார்க்க முடியாமல் கடைக்கு ஓடிவிடுகிறேன்.

ஏப்ரல் 22
டாக்டர் பவர் எழுதிக் கொடுத்து, லென்ஸை நானே ஃப்ரேமில் மாட்டியும் ஆயிற்று. கடை டிராயரில் கிடக்கிறது. "லென்ஸ் இன்னும் வரலக்கா" என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 28
கதவில் இடித்துக்கொண்டாள். நெற்றியில் வீக்கம். "விடுடா, கண்ணாடி வந்தா சரியாயிடும்" என்கிறாள், எனக்கு ஆறுதலாக! நானெல்லாம் ஒரு மனுஷனா? செடி செத்ததுக்கு மன்னிச்சிடுவா. இதுக்கு?

ஏப்ரல் 29
கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவள் ஹாலைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே பால்கனிக்குப் போய், கொடித் துணியை விலக்கிக் குனிந்தாள்.

"பிளாஸ்டிக்கைத் தடவினா தெரியாதாடா? துணி காயப்போட வந்தப்ப இந்தத் தொட்டி கால்ல இடிச்சுது. நான் தண்ணி ஊத்தினதெல்லாம் இதுக்குத்தான். போன வாரம் துளிர் மாதிரி ஏதோ கையில பட்டுச்சு. உதிர்ந்துடுமோன்னு அப்புறம் தொடல. கண்ணாடி வரட்டும், கண்ணாலயே பாக்கலாம்னு இருந்தேன்."

துளிரை மூடியிருந்த சிவப்பு உறை கழன்று விழுந்து, இளம் இலை ஒன்று முழுதாக விரிந்திருந்தது.

"அடடா, விரியறதைப் பாக்காம விட்டுட்டேனே" என்றாள்.

டிராயரைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை.