கம்பளியார் வகையறாவும் பிரான்சு ராஜாக்களும்

மாப்ள,

இன்று காலை, நீ தங்கச்சி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரி பறங்கிக்காய் அரிந்தாள். அந்தப் பச்சை வாசம் அடுப்படியைத் தாண்டி வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. பிரான்சுப் பக்கத்து பிராங்க் என்ற கூட்டத்தின் பெயர் அரபிக்காரர்கள் வாய்வழியே நம்மிடம் வந்து பறங்கி ஆனது, அதிலிருந்து பறங்கிக்காய் என்று காளவாசல் டீக்கடையில் நீதான் சொன்னாய். "அப்ப திருப்பரங்குன்றமும் அவனுகளோடதா?" என்றேன். "மெதுவாப் பேசு மாப்ள, முருகன் காதுல விழுந்துறப் போகுது" என்றாய்.

நீ டுட்டோரியலில் வரலாறு நடத்தியவன். நான் ஒன்பதாவதை இரண்டு முறை படித்தவன். ஆக, பத்தாவது முடித்தவனுக்குச் சமம்தான். ஆனாலும் சமயநல்லூர்ப் பக்கம் இன்றைக்கு பிரான்சு ராஜாக்களைப் பற்றிப் பேச என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தப் பெருமை எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை எழுத டி. கல்லுப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் தகப்பன் பேருக்குக் கீழே வம்சத்தைச் சொல்லும் வகையறாப் பேர் போடுவது வழக்கம். எங்கள் பூட்டன் சித்திரை வெயிலிலும் தோளிலிருந்து கம்பளியை இறக்காத மனுசன். அது அரண்மனையில் போர்த்திய கம்பளி என்று நான் சொல்வேன். "குளிர்காய்ச்சலுக்கு வாங்குனதா இருக்கும்" என்பாய் நீ. எப்படியோ, நாங்கள் கம்பளியார் வகையறா.

மாப்பிள்ளையின் பெரியப்பா அந்த வரியில் விரலை வைத்தார்.

"கம்பளியாரா, கம்பளிப்பூச்சியாரா? பத்திரிகையத் தொட்டா அரிக்காதுல்ல சம்பந்தி?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. "இந்தப் பேரு வேணாம். எங்க பக்கம் பெரிய ஆளுக வருவாக. இதுதான் வேணும்னா, நாங்க கொஞ்சம் யோசிக்கணும்."

என் அண்ணன் அவசரமாக, "எடுத்துருவோம், எடுத்துருவோம்" என்றார். உள்ளறையில் மகள் விசும்புவது எனக்குக் கேட்டது. பேரை விட்டால் பூட்டன் போச்சு, பிடித்தால் சம்பந்தம் போச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்தேன். நீ காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெரியப்பா பக்கம் திரும்பினாய்.

"அண்ணே, ஒரு சங்கதி. பிரான்சுல மொதல்ல ஆண்டவுக மெரோவிங்கியர். மெரோவெக்னு ஒரு ஆளு. பேருக்குப் பின்னால 'இங்'னு சேத்தா, அவரு வகையறான்னு அர்த்தம். அடுத்து கரோலஸ்னு ஒருத்தரு. அவரு வகையறா கரோலிங்கியர்."

"இருக்கட்டும். அதுக்கும் இதுக்கும் என்ன?"

"மூணாவதா ஹியூகோன்னு ஒருத்தரு வந்தாரு. தோள்ல ஒரு மேலங்கி போட்டிருப்பாராம். அதை வச்சு கப்பேன்னு பட்டப்பேரு. அம்புட்டுதான். இன்னைக்கு வரைக்கும் அந்த வம்சத்துக்குப் பேரு கப்பேசியர். தோள்ல கெடந்த துணிதாண்ணே பேராச்சு."

"அவுகளா வச்சுக்கிட்டாகளா?"

"எங்க? ஊரு கூப்பிட்டுச்சு, பின்னால வந்தவன் எழுதி வச்சான். பேரை ஊரு வைக்கும்ணே. அதைத் தாங்கிக்கிட்டவன்தான் ராஜா."

பெரியப்பா மீசையைத் தடவினார். பிறகு தம்பி பக்கம் திரும்பி, சத்தத்தைக் குறைத்து, "நம்மளையும் ஊருல மொட்டையன் வகையறாங்குறாய்ங்களேடா" என்றார்.

நீ விடவில்லை. "கரோலிங்கியர்லயே மொட்டை சார்லசுன்னு ஒரு ராஜா இருந்தாருண்ணே!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப ரெண்டையும் போடுங்கய்யா!" என்று பேனாவை என் கையில் திணித்தார். உள்ளே விசும்பல் நின்றது. மொட்டையன் வகையறாவும் கம்பளியார் வகையறாவும் ஒரே பத்திரிகையில், தங்க எழுத்தில். மதுரை ஜில்லாவில் அப்படி ஒரு பத்திரிகை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பிரான்சில் புரட்சி வந்து ராஜாவைக் கீழே இறக்கியவர்கள் கப்பே என்ற அதே பேரைச் சொல்லித்தான் அவரை எளக்காரம் பண்ணினார்கள், கடைசியில் தலையையும் எடுத்தார்கள் என்று மறுநாள்தான் சொன்னாய். "இதை நேத்தே ஏன்டா சொல்லல?" என்றேன். "கல்யாண வீட்டுல எதைச் சொல்லணுமோ அதைத்தான் சொல்லணும் மாப்ள."

அதற்குப் பிறகு இந்தக் கதையை நான் சொல்லாத விசேஷ வீடு இல்லை. ஹியூகோ போட்டிருந்தது நம் பக்கத்துக் கம்பளிதான் என்று கொஞ்சம் சேர்த்தும் சொல்கிறேன். கேட்பவர்கள் வாய் பிளக்கிறார்கள். "ரீல் ஓட்டாத மாப்ள" என்று சொல்லத்தான் நீ இல்லை.

உனக்குக் கல்யாணமும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. நீ போன அன்று உன் தெருப் பெரியவர் ஒருவர் கோடித்துணி போர்த்த உறவுமுறையில் ஆள் தேடினார். "இவருக்கு யாரு வகையறாப்பா?" என்று இரண்டு முறை கேட்டார்.

நான் முன்னால் போனேன். "கம்பளியார் வகையறா!" தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"நீங்க என்ன முறை வேணும்?" என்றார். வகையறா என்பதே அரபியிலிருந்து வந்த சொல், 'இன்ன பிற' என்றுதான் அதற்குப் பொருள் என்று நீ சொல்லியிருந்தது அந்த நேரத்தில் எனக்குக் கைகொடுத்தது.

"இன்ன பிறங்குற முறை" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் வழிவிட்டார்.

என் கையால் உனக்குப் போர்த்தினேன். இப்போது பூட்டனிலிருந்து பேரன் வரை எங்கள் ஆட்களைச் சொல்லிவரும்போது உன் பேரையும் நடுவில் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதில் மட்டும் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்வதில்லை.