மூன்றாவது அசெஸர்

அண்ணாச்சி, இன்று காலை கோர்ட் சேவகர் வந்து மறுபடியும் ஒரு சம்மனைக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் செஷன்ஸ் கோர்ட்டில் அசெஸராக உட்கார வேண்டுமாம். கையெழுத்துப் போடும்போதே உடம்பு அலுத்துப்போனது. பக்கத்து நாற்காலியில் இந்தத் தடவை நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

யுத்த காலத்தில் ஒரு புரட்டாசியில்தான் நாம் முதலில் சந்தித்தோம். நான் மல்லாங்கிணற்றிலிருந்து, நீங்கள் திருச்சுழிப் பக்கத்திலிருந்து. இன்னொருவர் அருப்புக்கோட்டை நூல் வியாபாரி. கொலை வழக்கை முழுதும் கேட்டுவிட்டு, குற்றவாளியா இல்லையா என்று ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்ல வேண்டும். ஜட்ஜ் அதை எழுதிக்கொள்வார். ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஆனால் வராவிட்டால் நமக்கு அபராதம்.

கூண்டில் நின்றவன் கொஞ்சம் நிலத்தை உழுது பிழைக்கும் ஒரு சின்ன சம்சாரி. வரப்புத் தகராறில் பங்காளியைப் பங்குனி மாதத்துக் காலையில் வெட்டிவிட்டான் என்று வழக்கு. நான்கு நாள் நடந்தது. சாட்சி தமிழில் ஒரு வார்த்தை சொல்வார். அது இங்கிலீஷாகி, ஜட்ஜ் கையால் எழுதி முடிக்கும்வரை எல்லோரும் காத்திருப்போம். வக்கீல்கள் ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் உட்கார்ந்தபடியே நான் தூங்கிவிட்டேன். நீங்கள்தான் முழங்கையால் இடித்து எழுப்பினீர்கள்.

கண்ணால் பார்த்ததாக ஒரே ஒரு சாட்சி. பக்கத்துக் கரிசலில் உழுதுகொண்டிருந்தபோது பார்த்தேன் என்றான். நீங்கள் எழுந்து ஜட்ஜிடம் அனுமதி கேட்டு, "அதுக்கு முன்னாடி மழ பெஞ்சிச்சா?" என்றீர்கள்.

"இல்லீங்க. மாசியிலருந்து ஒரு சொட்டு இல்ல."

"காஞ்ச கரிசல்ல கலப்ப எப்படிப்பா எறங்கும்?"

அவன் வக்கீலைப் பார்த்தான். "சும்மா... மாடு பழக்குனேன்" என்றான். ஜட்ஜ் அதையும் எழுதிக்கொண்டார்.

நான்காம் நாள் காலை எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கோர்ட் வாசலில் என்னைப் பார்த்து, "நேத்து நல்ல மழ. வெதைக்காம இங்க என்ன பண்றீக?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. முதலில் வியாபாரி "குற்றவாளி" என்றார். வேறு சொன்னால் காரணம் கேட்பார்கள், இன்னும் நேரமாகும் என்று நானும் "குற்றவாளி" என்றேன். நீங்கள் இல்லை என்றீர்கள், காரணமும் சொன்னீர்கள். அன்று சாயங்காலமே ஆயுள் தண்டனை என்று தீர்ப்பாகிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், மழைச் சேதியால்தான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று உங்களிடம் ஒத்துக்கொண்டேன். திட்டுவீர்கள் என்று இருந்தேன். "எங்க ஊர்லயும்தான் மழ பெஞ்சிருக்கு" என்றதோடு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

ஒன்றரை வருடம் கழித்து ஹைகோர்ட் அவனை விடுதலை செய்தது. உழவே முடியாத நிலத்தில் உழுதேன் என்றவனை நம்புவதற்கில்லை என்று தீர்ப்பில் இருந்ததாம். உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். என்னைக் குறை சொல்லி அதில் ஒரு வரி இல்லை. இருந்திருந்தால் பதில் எழுதியிருப்பேன்.

போன மாதம் காரியாபட்டிச் சந்தையில் அவனைப் பார்த்தேன். ஒதுங்கப் போனேன், அவனே கிட்டே வந்தான்.

"நான்தாம்ப்பா அன்னைக்கி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ங்க. கூண்டுல நின்னவனுக்கு மூணு பேரு மொகமும் மறக்குமா? அந்த மூணாவது அய்யா எந்த ஊரு? அவுகளப் பாக்கணும்."

நீங்கள் தை மாதம் காலமானதைச் சொன்னேன். அடக்கம் செய்த இடத்தையாவது காட்டச் சொன்னான். பஸ் மாறி, இருவருமாக உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தோம். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு சிலுவைக்கு முன்னால் நின்றான்.

"அன்னைக்கி அவுக சொன்னது எனக்குச் சரியாக் கேக்கல. நீங்க பக்கத்துல இருந்தீகல்ல, சொல்லுங்க."

சொன்னேன் அண்ணாச்சி. "அய்யா, காஞ்ச கரிசல்ல ஏர் ஓடாது. அந்தச் சாட்சி அன்னைக்கி அங்க இல்ல. இவன் குத்தவாளி இல்லங்கிறதுதான் என் அபிப்பிராயம்." நான்கு நாளில் வேறு எதுவும் என் மனதில் நிற்கவில்லை, இது மட்டும் ஒரு சொல் விடாமல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான்.

சொன்னேன்.