மாதத்தில் மூன்றாவது டேட்

என் செல்ல ரேணு அக்கா,

உன்னைப் படுத்திய அதே வயிறு இப்போது எனக்கும் வாய்த்துவிட்டது. ஒரு வாரம் கட்டிக்கொள்ளும், மறு வாரம் பிடுங்கிக்கொண்டு போகும். "உடம்பு சூடு, வெந்தயத்த முழுங்கு" என்று உன்னை விரட்டியவர்களில் நானும் ஒருத்தி. மன்னிப்பாயா?

ஓசூர் கம்பெனியில் நீ நின்ற லைனில்தான் நானும் நிற்கிறேன். கக்கூசுக்குப் போக இன்னமும் ஒரே ஒரு சிவப்பு அட்டைதான். அதை சூப்பர்வைசர் கொடுத்தால்தான் நகர முடியும். மாதவிலக்கு என்றால் ஆண்கள் அதற்குமேல் கேட்க மாட்டார்கள், "டேட்னு சொல்லிடு மஞ்சு" என்று நீதானே சொன்னாய்? நானும் சொல்லிச் சொல்லிப் போன வாரம் மாட்டிக்கொண்டேன்.

"ஏனம்மா, இந்த மாசம் இது மூணாவது டேட்டு. உனக்கு மட்டும் தனி காலண்டரா?" என்றார் சூப்பர்வைசர். லைனே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்!

"டேட் இல்ல சார், வயித்தால போவுது. குடல் கோளாறு, ஐ.பி.எஸ்.னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

"ஓ! எந்த ஸ்டேஷன்ல போஸ்டிங்?"

"இப்போதைக்கு கக்கூஸ்ல சார். அட்டையக் குடுங்க."

இந்தமுறை சிரிப்பு என் பக்கம்.

டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா? குடலில் புண் இல்லை, கட்டி இல்லை, ஆனால் வலி நிஜம் என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். இது ஆளைக் கொல்லாதாம். உன்னைக் கொண்டுபோனது இது இல்லை, காய்ச்சல்தான். ஆனால் இருந்தவரை உன்னைப் பட்டினி போட்டது இதுதானே அக்கா? நீ நடிக்கிறாய் என்றல்லவா நினைத்தோம்.

சூப்பர்வைசரிடம் வாயாடியதற்கு மறுநாள் ஆபீசில் கூப்பிட்டார்கள். "முடியலன்னா நின்னுக்கம்மா" என்று ஒரு ராஜினாமா தாளை நீட்டினார்கள்.

"நிக்க மாட்டேன் சார். வேலையும் செய்வேன், கக்கூசுக்கும் போவேன்" என்று தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு வந்தேன்.

கேன்டீனில் பேக்கிங் பிரிவு பர்வீன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் அதேதான்க்கா. நானும் டேட்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்." அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

திங்கட்கிழமை முடிவு சொல்கிறார்களாம். வேலை இருக்குமோ போகுமோ, தெரியாது. இருக்கிறவரை இனி உண்மைக் காரணத்தைச் சொல்லித்தான் அட்டை கேட்பேன். மறுத்தால் அட்டை இல்லாமலே எழுந்து போவேன், பர்வீனையும் கூட்டிக்கொண்டு. இது உன்மேல் ஆணை.

உன் கூடப்பிறந்தவள்,
மஞ்சு