இறக்காத சுருதி

மார்ச் 4, செவ்வாய்

குளிர். கார் நிறுத்துமிடத்து ஓரத்தில் இன்னும் அழுக்குப் பனி. இன்றைய வேலை: போர்வை துவைக்க. நூலகப் புத்தகம் திருப்ப. கடைசி அத்தியாயம்.

முதல் இரண்டும் நடக்கவில்லை. முழங்கால் வலி.

நான் எழுதும் தொர்சானி அம்மையார் வரலாறு, ஒன்பதாவது நோட்டு. இத்தாலியில் உப்பளக் கூலியின் மகள். தேவாலயத்தில் பாடிப் பழகியவள். பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு நகரத்துக்கு ரயில். பிறகு இருபத்தாறு ஆண்டு ஓபரா என்ற இசை நாடக மேடை. எல்லாம் எழுதியாயிற்று. மிச்சம் அந்தக் கடைசி நாள் மட்டும். இரண்டாம் அங்கம், பாட்டின் உச்சிக்கு ஒரு வரி முன்னால் வாயை மூடிக்கொண்டாள். வாத்தியங்கள் தம்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. நடந்து உள்ளே போனாள். அப்புறம் எங்கும் பாடவில்லை. இப்போது ரொட்டிக் கடை மாடியில் தனியாக இருக்கிறாளாம்.

எழுதிய வாக்கியம்: "நம் வித்வான்கள் வயதானால் சுருதியை இறக்கிக்கொண்டு எழுபத்தைந்திலும் பாடுகிறார்கள். அம்மையாருக்கு அரைக் கட்டை இறக்க மனமில்லை. தலைக்கனம்."

நல்ல வாக்கியம். அசைக்கப் போவதில்லை.

மார்ச் 5, புதன்

தூறல். நூலகம் போய் வந்தேன். இத்தாலிய அகராதி மறுபடி என் பெயரில். அதை வேறு யாரும் எடுத்ததே இல்லை என்று அட்டையைப் பார்த்தால் தெரிகிறது.

இன்று பேசியது: பஸ் ஓட்டுநரிடம் தேங்க்யூ. நூலகப் பெண்ணிடம் தேங்க்யூ. அவ்வளவுதான்.

ரசம், அப்பளம். புளி அதிகம்.

மார்ச் 7, வெள்ளி

வெயில், ஆனால் பயனில்லாத வெயில்.

மாலை ஆறரைக்கு மாடி வீட்டில் பஜனை. என் கூரைதான் சேஷாத்ரியின் தரை. பாட்டெல்லாம் கேட்கிறது. ஜால்ரா தாளத்துக்கு முன்னால் ஓடுகிறது. பிடித்து நிறுத்த அங்கே ஆளில்லை.

மூன்று வருடமாயிற்று நான் மேலே போய். என் சுருதி ரெண்டு கட்டை. நாற்பது வருடமாக அதுதான். அன்று நான் பாடிக்கொண்டிருக்கும்போதே சேஷாத்ரி சுருதிப் பெட்டியை ஒரு கட்டைக்கு இறக்கினார். "எல்லாரும் சேர்ந்து பாடணுமோல்லியோ சார், உங்களுக்கும் குரல் இழுக்கறதே" என்றார். பத்துப் பேர் நடுவில். வரியைப் பாதியில் விட்டு எழுந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். யாரும் பின்னால் வரவில்லை. அதை மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகள் காலியானபோதுதான் புத்தகம் தொடங்கியது. மருந்துக் கிடங்கில் வேலை பார்த்த காலத்தில் கார் ரேடியோவில் ஒரு சனிக்கிழமை கேட்ட குரல் அவளுடையது. மொழி தெரியாது, கதை தெரியாது. பார்க்கிங்கில் இன்ஜினை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது.

மேலே மங்களம் பாடியாயிற்று. நாற்காலிகள் நகர்கின்றன. சிரிப்பு.

மார்ச் 9, ஞாயிறு

கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும் நாள். அடுப்புக் கடிகாரத்தை எப்படித் திருத்துவது என்று ஒவ்வொரு வருடமும் மறந்துபோகிறது. அதை அப்படியே விட்டேன்.

சலவை அறை. போர்வை சுற்றும்வரை போனில் தொர்சானி. பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர் நிமிர்ந்து அவள் பெயரைச் சரியாகச் சொன்னார். பெயர் ஃபிராங்க். பதினாலாம் எண் வீடு. தாத்தா காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த குடும்பம். ஓபராக் குழுவில் முப்பது வருடம் ஹார்ன் என்ற கொம்பு வாத்தியம் வாசித்தவராம். இத்தனை நாள் அதே வாஷிங் மெஷினில் துவைத்திருக்கிறோம்.

புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். கடைசி அத்தியாயத்தையும் சொன்னேன், சுருதியை இறக்க மனமில்லாத தலைக்கனம் என்று. மடிப்பதை நிறுத்திவிட்டார்.

"எதை இறக்குவாள்?" என்றார்.

சுருதியை என்றேன். தலையை ஆட்டினார். அங்கே பாடுபவருக்கென்று சுருதி கிடையாதாம். எழுதியவன் எந்த ஸ்வரத்தில் எழுதினானோ அதேதான். மேடைக்குக் கீழே வாத்தியக்காரர் குழியில் அறுபது பேர், ஒவ்வொருவர் முன்னாலும் அச்சடித்த தாள். ஓரிரு பாட்டுக்கு முன்கூட்டியே சுருதி இறக்கி வேறு தாள் எழுதி வைப்பதுண்டு, பாடும்போது முடியாது.

"நாங்கள் நிற்க மாட்டோம். நின்றதும் இல்லை. அவள் வாயை மூடினால் அவளுக்கு வேறு வழி இல்லை என்று அர்த்தம்."

ஒன்பது நோட்டு எழுதியவனுக்குப் பாடம் எடுக்கிறார். போர்வை காய்வதற்குள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஈரப் போர்வை, நாற்காலி மேல். நேற்று இரவு முழுக்க அவள் கடைசிப் பதிவை மறுபடி மறுபடி கேட்டேன். ஃபிராங்க் சொன்னது தவறு என்று காட்ட ஓர் இடமாவது கிடைக்கும் என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. கொம்பும் பிடிலும் அவளுக்காக ஓர் இடத்திலும் இறங்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கவிதா டெக்சாஸிலிருந்து போன். "அப்பா, லீஸ் மே மாசம் முடியுது. ரூம் ரெடியா இருக்கு. அங்க யாரு இருக்கா உங்களுக்கு?"

புத்தகம் முடியட்டும் என்றேன்.

"மூணு வருஷமா இதையேதான் சொல்றீங்க. யாரோ ஒரு பாட்டுக்காரிப்பா. நான் உங்க பொண்ணு."

அவள் போனை வைக்கவில்லை. பின்னால் டிவி சத்தம் கேட்டது. பிறகு, "சாப்டீங்களா?" என்றாள்.

மாலை "தலைக்கனம்" என்பதை அடித்தேன். அதற்கு மேலிருந்த வாக்கியத்தையும். பக்கத்தில் எழுதியது: "அவளுக்கு இறக்குவதற்குப் பெட்டி இல்லை."

எழுதிவிட்டு நெடுநேரம் பேனாவை மூடவில்லை.

எனக்குப் பெட்டி இருந்தது. பொத்தான் இருந்தது. பத்துப் பேர் இருந்தார்கள்.

சேஷாத்ரி செய்தது தவறுதான். அதில் மாற்றம் இல்லை.

மார்ச் 14, வெள்ளி

மூடுபனி. முழங்கால் பரவாயில்லை. சவரம். வெள்ளைச் சட்டை, காலர் கொஞ்சம் பழுப்பு.

ஆறேகாலுக்குப் படியேறினேன். பதினாறு படி. பாதியில் ஒரு முறை திரும்பலாமா என்று நின்றேன். மேலே யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள்.

"வாங்கோ சார்" என்றார் சேஷாத்ரி, நேற்றுப் போய் இன்று வந்தவனிடம் சொல்வது போல. முடி சுத்தமாகப் போய்விட்டது அவருக்கு. என் பாட்டு முறை வந்ததும் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்: "ரெண்டு கட்டைதானே?"

கிண்டலா, மரியாதையா, தெரியவில்லை. பெட்டியை என் பக்கம் இழுத்து ஒன்றில் வைத்தேன். பொத்தானை நானே அழுத்தினேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒன்றிலும் மேல் ஸ்தாயி நடுங்கியது. மற்றவர்கள் குரல் வந்து மூடிக்கொண்டது. நிறுத்தவில்லை.

பிறகு சுண்டல். உப்பு போதவில்லை. சொல்லிவிட்டேன்.